வட்டியில்லா வீடு, வாடகைக்கு விட முடியாத வீடு

கேள்வி: அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறோம். இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. நான் முதியோர் இல்லத்தில் உதவியாளர், கணவருக்குக் கிடங்கில் வேலை. இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 58,000 டாலர், மாத வாடகை 1,600 டாலர், சேமிப்பு 14,000 டாலர். தன்னார்வலர்களைக் கொண்டு வீடு கட்டி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கடனில் விற்கும் 'ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பு வழியாக வீடு வாங்கலாம் என்று தோழி சொல்கிறாள். "தர்ம வீடு நமக்கெதற்கு? சனிக்கிழமை வந்து போகிறவர்கள் அடித்த ஆணி எத்தனை நாள் நிற்கும்?" என்கிறார் கணவர். ஐந்தாறு வருடத்தில் மதுரைக்கே திரும்பிவிடும் யோசனையும் இருக்கிறது. அப்போது வீட்டை வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம்தானே?

பதில்: போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், உங்கள் வீட்டுக்காரருக்குச் சில வார்த்தைகள்.

இது தர்மம் இல்லை, கடன். 1976-ல் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் மில்லர்ட், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கிய அமைப்பு இது. வீடு வாங்குகிறவர்களும் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும், தவணையும் கட்ட வேண்டும். அந்த உழைப்பை 'ஸ்வெட் ஈக்விட்டி' என்பார்கள். கிளைக்குக் கிளை மாறும், பெரும்பாலும் சில நூறு மணி நேரம். ஷிஃப்ட் வேலை பார்க்கும் இருவருக்கு அது லேசான சுமை இல்லை. ஆணி பற்றிக் கவலை வேண்டாம். மின்சாரம், குழாய் வேலைகளை உரிமம் பெற்றவர்கள்தான் செய்வார்கள், மற்ற வீடுகளைப் போலவே அரசு ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

இனி காசு. மாதத் தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உங்களுக்கு அது மாதம் 1,450 டாலர், அதாவது இப்போதைய வாடகையை விடக் குறைவு. 1.8 லட்சம் டாலர் கடன், 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டியில்லாமல் கிடைத்தால் மாதம் 500 டாலர். அதே தொகைக்கு வங்கியில் 6.5 சதவீத வட்டி என்றால் சுமார் 1,138 டாலர். எல்லாக் கிளைகளும் வட்டியில்லாமல் தருவதில்லை, குறைந்த வட்டி போடுபவர்களும் உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள்.

மின் கட்டணத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வீடு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கும் என்று காட்டும் 'ஹெர்ஸ்' மதிப்பெண் என்னவென்று கேளுங்கள். 2006-ஆம் ஆண்டு ஆற்றல் சிக்கன விதிகளின்படி கட்டிய வீட்டுக்கு 100, எண் குறையக் குறைய நல்லது. 60 என்றால் அந்த வீட்டைவிட ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைவாகச் செலவாகும். உங்கள் ஊர்க் கோடைக்கு இது பெரிய விஷயம். ஒன்று மட்டும்: இப்படிப்பட்ட வீடுகளைக் காற்றுப் புகாதபடி இறுக்கமாகக் கட்டுவார்கள். அடுப்பு மேல் வைக்கும் புகைபோக்கி, புகையை வெளியே தள்ளுகிறதா, உள்ளேயே சுற்றவிடுகிறதா என்று பாருங்கள். மிளகாய் தாளிக்கிற வீட்டில் பிறகு வருத்தப்படுவீர்கள்.

சரி, மதுரைக்குத் திரும்பும் யோசனைக்கு வருவோம். வாங்கிய வீட்டின் மதிப்பு 2.8 லட்சம் டாலர், நீங்கள் தவணை கட்டுவது 1.8 லட்சத்துக்கு என்றால், மீதி ஒரு லட்சத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவது கடன் பத்திரம் ஒன்று இருக்கும். அதற்கு மாதத் தவணை கிடையாது. சில கிளைகளில் வருடா வருடம் கொஞ்சம் தள்ளுபடி ஆகும், சிலவற்றில் விற்கும்போது மொத்தமாகக் கேட்பார்கள். விற்பதானால் முதலில் அமைப்பிடமே விற்க முன்வர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். அப்புறம், வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். பூட்டிவிட்டு மதுரையில் உட்கார்ந்து வாடகை வாங்குவது நடக்காது.

ஆகவே ஐந்தாறு வருடத்தில் திரும்புவது நிச்சயம் என்றால், என் கருத்தில் இது உங்களுக்கான வீடு இல்லை. பிள்ளைகள் பள்ளி முடிக்கும் வரை அங்கேயே என்றால், இதைவிட நல்ல கடன் உங்கள் வருமானத்துக்குக் கிடைப்பது கஷ்டம். இதை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு விண்ணப்பியுங்கள். 14,000 டாலரில் பதிவுச் செலவு போக மிச்சத்தைத் தொடாதீர்கள். சொத்து வரி ஏறினால் மாதத் தொகையும் ஏறும். கையெழுத்துக்கு முன் அந்த இரண்டாவது பத்திரத்தின் நகலை வாங்கி, மத்திய அரசின் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். கட்டணம் இல்லாமலோ, மிகக் குறைவாகவோ வாசித்து விளக்குவார்கள்.