பருப்புப்பொடி இடித்தாயிற்று, வேறு என்ன?

அன்புள்ள ஐயா,

நாங்கள் சங்கரன்கோவில். வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். மகனுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். ஒருநாள்கூட என்னைப் பிரிந்து இருந்ததில்லை. பெட்டி, பாய், வாளி வாங்கியாயிற்று. பருப்புப்பொடி இடித்துவிட்டேன். ஆனாலும் எதையோ மறந்த மாதிரியே இருக்கிறது, தூக்கம் வரவில்லை. இங்கே என்ன கஷ்டம் வந்தாலும் அவன் காதுக்குப் போகக்கூடாது, படிப்பு கெட்டுவிடும் என்று அவன் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு என்ன செய்ய வேண்டும்? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையனுக்கு வாழ்த்து. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. உங்கள் தெருவே கொஞ்ச நாள் அவனைப் பற்றித்தான் பேசும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. 1988-ல் நான் கோவில்பட்டியிலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனேன். முதல் செமஸ்டரில் கணக்கு போய்விட்டது. ‘பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன், சாப்பாடும் நன்றாக இருக்கிறது’ என்று இன்லேண்டு லெட்டர் போட்டேன். ‘இங்கு அனைவரும் நலம்’ என்று அப்பாவிடமிருந்து பதில் வந்தது. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனால், எப்போதும் குடத்தை இடுப்பில் வைத்து வீசி நடந்து வருகிற அம்மா, அரைக்குடம் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். தை மாதமே கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருக்கிறது. “உன் படிப்பு கெடக்கூடாதுன்னுதான் சொல்லல” என்றார் அப்பா. என் பையில் மார்க் ஷீட் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவேயில்லை. அவர்கள் மறைத்தார்கள் என்று தெரிந்ததும், நான் மறைப்பதும் சரிதான் என்று ஆகிவிட்டது. அந்த அரியரை எழுதித் தேறிய பிறகும்கூட வீட்டில் சொன்னதில்லை.

உங்கள் பையனுக்கு அரியர் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் பள்ளியில் முதல் மாணவனாக இருந்திருப்பான். அங்கே பக்கத்து பெஞ்சுக்காரனும் அவனவன் பள்ளியில் முதல் மாணவன்தான். பாடம் ஆங்கிலத்தில் ஓடும். கேள்வி கேட்க வாய் வராது. முதல் இன்டர்னல் பரீட்சையில் மார்க்கைப் பார்த்து ஆடிப்போவான். அன்றைக்கு ராத்திரி நீங்கள் போன் போட்டு “சாப்டியா ராசா?” என்பீர்கள். “ம்.” “நல்லாப் படிக்கியா?” “ம்.” அவ்வளவுதான், வைத்துவிடுவீர்கள்.

அதற்குப் பதிலாக உங்கள் கதையைச் சொல்லுங்கள். இன்றைக்குக் கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை, அப்பாவுக்குப் பாதிக் கூலிதான், எனக்கு முட்டுவலி. இதைக் கேட்டு அவன் படிப்பு கெடாது. வீட்டில் நடப்பதெல்லாம் தெரிந்தே வளர்ந்த பிள்ளை, திடீரென்று எல்லாம் நலம் என்றால் அவன் நம்பவும் மாட்டான். நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் ஒருநாள் வாய் திறக்கும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் ஒருநாள் சாப்பாடு முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அவன் அப்பாவே சொல்லட்டும்: “ஒரு பாடம் போச்சுன்னா முதல்ல எங்கிட்ட சொல்லு, வைய மாட்டேன்.” சொன்னபடி வையாமல் இருப்பதுதான் கஷ்டம். அதற்கு அவர்தான் தயாராக வேண்டும்.

பணத்துக்கு ரொம்பக் கவலைப்படாதீர்கள். இந்த ஒதுக்கீட்டில் போகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். இருபதாம் தேதிக்குள் காலி செய்துவிட்டு அவனே முழிக்கட்டும்.

மீதி இருக்கிற நாளில் அவன் துணியை அவனே துவைக்கட்டும். பேங்குக்குத் தனியாகப் போகட்டும். ஒரு காய்ச்சல் வந்தால்கூட அரசு ஆஸ்பத்திரியில் அவனே சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்து வரட்டும், நீங்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருங்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் போய்த் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டி போகும்போதும் வழி கேட்பது அவனாக இருக்கட்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, தீபாவளி டிக்கெட் என்றால் நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதையும் அவன் தலையில் போடுங்கள். மறந்துவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வருவான். அடுத்த வருஷம் மறக்க மாட்டான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராகிங் பயம் உள்ளே இருக்கும். 1996-ல் இங்கே ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் அதற்கென்றே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். அவன் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

அவனை விடுதியில் விட்டுவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் தங்கி தினமும் போய்ப் பார்க்கிற வேலை வேண்டாம், அறைக்காரப் பையன்கள் முன்னால் அவனுக்குச் சங்கடம்.

பருப்புப்பொடியை இன்னொரு டப்பா சேர்த்தே இடியுங்கள். அறையில் மற்றவர்களும் இருப்பார்கள், இரண்டே நாளில் காலியாகிவிடும்.