வாசகர் கேள்வி பதில்: ஸ்பிறேக்கு அசையாத கரப்பானும் மெதுவாகக் கொல்லும் மருந்தும்

கேள்வி: எங்களுடையது கடையோடு சேர்ந்த வீடு. குசினியில் சிறிய மண்ணிறக் கரப்பான்கள் பெருகிவிட்டன. கடையில் விற்கும் ஸ்பிறேக்களை மாற்றி மாற்றி அடித்தும் இரண்டொரு நாளில் திரும்பி வருகின்றன. பூச்சிக்குத் தெரியாமலே கொல்லும் மணமற்ற மருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைப் பாவிக்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பாவிக்கலாம். ஆனால் எந்த வடிவில், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தே அது பாதுகாப்பானதா இல்லையா என்பது அமையும்.

தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் தெரிந்தால் அது ஜேர்மன் கரப்பான். பிறிஜ்ஜின் மோட்டர்ப் பக்கம், காஸ் அடுப்பின் அடிப்பாகம், அலுமாரிக் கதவின் பிணைச்சல் போன்ற சூடும் ஈரமும் உள்ள இடுக்குகளில்தான் அது பகலைக் கழிக்கும். பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய கூட்டை, குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை உடலோடு சுமந்து திரிவதால் இவ்வினம் மிக விரைவாகப் பெருகுகிறது. கடை ஸ்பிறேக்களில் பெரும்பாலானவை பைரித்திரோயிட் வகையைச் சேர்ந்தவை. போத்தலின் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே குடும்பத்து மருந்துதான் என்பதால், மாற்றி மாற்றி அடித்தும் பயன் கிடைக்காததில் வியப்பில்லை. அம்மருந்தை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் இக்கரப்பான்களின் உடலில் மிகுந்துவிட்டன. அத்துடன் அம்மருந்து பூச்சிக்கு எரிச்சலூட்டி விரட்டுவதால், சாகாதவை அடுத்த அறைக்கும் உங்கள் கடையின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலும் பரவுகின்றன.

நீங்கள் கேட்ட, பூச்சிக்குத் தெரியாமலே கொல்லும் மருந்துகளான பிப்ரோனில், குளோர்பெனாபிர், இண்டொக்சகார்ப் போன்றவை அவ்வாறு விரட்டுவதில்லை. பூச்சி எதையும் உணராமல் அவற்றின் மேல் நடக்கிறது அல்லது அவற்றை உண்கிறது. பின்னர் தன் இருப்பிடம் சென்று இறக்கிறது. அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் இறக்கின்றன. இவற்றுள் குளோர்பெனாபிர் குறிப்பிடத்தக்கது. பைரித்திரோயிட்டை முறியடிக்க உதவும் அதே வகை நொதிகளே இம்மருந்தைப் பூச்சியின் உடலுக்குள் கொடிய நஞ்சாக மாற்றி, உயிரணுக்கள் சக்தி உண்டாக்குவதைத் தடுக்கின்றன. இதற்குச் சில நாட்கள் எடுக்கும். மருந்து வைத்த மறுநாளும் கரப்பான் ஓடுகிறதே என்று பொறுமை இழந்து பழைய ஸ்பிறேயை அதே இடத்தில் அடித்துவிடுவோர் பலர். அப்படிச் செய்தால் பூச்சி அந்த இடத்தையே தவிர்க்கும், வைத்த மருந்தும் வீணாகும். மண்ணெண்ணெய், டெற்றோல் போன்ற கடும் மணமுள்ளவற்றையும் அவ்விடத்தில் பூசாதீர்கள்.

பிள்ளைகள் உள்ள உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை, பூச்சி இரையென்று உண்டு சாகும் ஜெல் வடிவிலான இரைமருந்துதான். முதலில் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கையும் சோற்றுப் பருக்கைகளையும் நீக்கி, ஒழுகும் குழாயையும் திருத்துங்கள். வேறு உணவு தாராளமாகக் கிடைத்தால் கரப்பான்கள் இரையைத் தேடி வரா. பின்னர் உளுந்து மணி அளவான சிறு பொட்டுகளாக, பிள்ளைகளின் கை எட்டாத பிணைச்சல் இடுக்குகளிலும் பிறிஜ்ஜின் பின்புறத்திலும் பல இடங்களில் இடுங்கள். ஓரிடத்தில் பெரிய கட்டியாக வைப்பதை விட இதுவே பலன் தரும். முட்டைக்குள் இருப்பவை தப்பி வெளிவருமாதலால் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் வைக்க வேண்டும். சில கரப்பான் கூட்டங்கள் குளுக்கோசு கலந்த இரையைத் தொடுவதில்லை. இம்மருந்துகளுக்கும் காலப்போக்கில் எதிர்ப்புத் தோன்றலாம். ஆகவே இரை தீண்டப்படாமல் கிடந்தால், வேறு செயற்படு பொருள் (பூச்சியைக் கொல்லும் மருந்து) கொண்ட இரைக்கு மாறுங்கள்.

திரவ மருந்துதான் வேண்டுமென்றால், வீட்டுப் பாவனைக்கென்று லேபலில் குறிப்பிட்டதை மட்டும், அதில் உள்ள அளவுக்கு மேல் ஒரு துளியும் கூட்டாமல், வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் மட்டும் இடுங்கள். கூடுதலாகக் கலந்தால் பூச்சி விரைவில் சாகும் என்ற எண்ணம் தவறு. கூடுவது உங்களுக்கான ஆபத்துத்தான். தண்ணீர்க் குடத்தையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்து, கையுறை அணிந்து வேலை செய்து, மருந்து நன்கு காயும்வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். கோழிக்கூட்டின் பக்கம் இம்மருந்தைக் கொண்டே போகக் கூடாது. 2017 இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் உண்ணியை ஒழிக்கச் சட்டவிரோதமாகப் பாவித்த பிப்ரோனில் முட்டைகளில் கலந்ததால், பல மில்லியன் முட்டைகளைச் சந்தையிலிருந்து அகற்ற நேர்ந்தது.

கேள்வி: வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறது. அதிலும் பிப்ரோனில் என்றே எழுதியிருக்கிறது. அதை வீட்டில் அடித்தால் என்ன?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், செறிவும் கூடச் சேர்த்த கரைப்பான்களும் வேறு. வயலில் காற்றும் வெயிலும் படும் மருந்து, மூடிய அறையில், பிள்ளை தவழும் நிலத்தில் கிடக்கும். வயலில் களைநாசினி அடித்த தாங்கியை வீட்டுக்குப் பாவிப்பதும் கூடாது; எவ்வளவு கழுவினாலும் அதன் மிச்சம் உள்ளே இருக்கலாம். இலங்கையின் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மருந்தும் பதிவாளரிடம் குறித்த பாவனைக்கென்றே பதிவு பெறுகிறது. பதிவிலக்கம் இல்லாததையும், தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கைமாறி வருவதையும் வாங்கவே வேண்டாம். அப்படியொரு போத்தலைத் தாகத்தில் எடுத்துக் குடிக்கும் ஆபத்தை நம் வீடுகளில் நாம் போதிய அளவு அஞ்சுவதில்லை.

மிச்சத்தைப் பூட்டிய பெட்டியில் அதே போத்தலில் வையுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் அது முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரோடு போய்ச் சேரலாம். பிப்ரோனில் மீனுக்கும் இறாலுக்கும் தேனீக்கும் கொடியது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளோர்பெனாபிர் உடலுக்குள் போனவர் முதலில் நன்றாகவே இருப்பது போலத் தெரிந்து, சில நாட்கள் கழித்துக் கடும் காய்ச்சலும் வியர்வையும் கண்டு திடீரென மோசமாகலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பிப்ரோனில் வலிப்பை உண்டாக்கலாம். ஆகையால் விழுங்கியவருக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, போத்தலையும் கையோடு கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் ஆலோசனை வழங்குகிறது.

கேள்வி: கதவு நிலையில் கறையான் ஏறுகிறது. சுவரைச் சுற்றி மருந்து ஊற்றலாமா? கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது.
– வாசகர், மாங்குளம்

பதில்: கிணறு பக்கத்தில் இருப்பதால் நீங்களாக ஊற்ற வேண்டாம். கறையானுக்கும் விரட்டாத மருந்தே ஏற்றது. ஆனால் அதை மண்ணுக்குள் செலுத்துவது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. கிணற்றுக்கான தூரத்தை அளந்த பின்னரே அவர் தொடங்க வேண்டும். போதிய தூரம் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிட வேண்டும். அவர் வரும்வரை சுவரோடு சாய்த்த விறகையும் கிடுகையும் அகற்றி, அத்திவாரத்தின் மேல் ஏறியிருக்கும் மண்ணை வெட்டித் தாழ்த்தி வையுங்கள். நிலையிலுள்ள மண் தடத்தின் மேல் கடை ஸ்பிறேயை அடிக்காதீர்கள். கறையான்கள் வேறு வழியால் ஏறிவிட்டால், மருந்தை எங்கே இடுவது என்று வருபவருக்குத் தெரியாமற் போகும்.