ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) என்ற வீடியோ கேமை 'ஓப்பன் வேர்ல்டு' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? அதன் நிறைகுறை என்ன?

ஒரு முழு ஊரைத் திறந்துவிட்டு, 'எங்கு வேண்டுமானாலும் சுற்று' என்று விடும் விளையாட்டுதான் ஓப்பன் வேர்ல்டு. 2013-இல் வந்த ஜிடிஏ 5-க்குப் பலமே அதன் ஊர்தான். லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்த்துச் செய்த லாஸ் சாண்டோஸில் திருடன் போலீஸ் ஆட்டத்தை மறந்துவிட்டு மலையேறலாம், கடலில் நீந்தலாம், சும்மா நின்று வேடிக்கை பார்க்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

குறை, மிஷன், அதாவது கதையை நகர்த்த நமக்குத் தரும் வேலை, தொடங்கியதும் தெரியும். துரத்தும் வண்டியைத் தவறவிட்டால் உடனே தோல்வி, அந்தக் கட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும். கதையைச் சினிமா மாதிரி காட்ட வேண்டுமானால், அடுத்து நடப்பதை முன்பே எழுதிவைத்தாக வேண்டும் இல்லையா? மதுரையில் நாம் எந்தச் சந்துக்குள்ளும் புகுந்து வரலாம். சித்திரைத் தேர் மாசி வீதிகளை விட்டு விலகாது. மிஷன் அந்தத் தேர் மாதிரி.

அப்புறம், ஓப்பன் வேர்ல்டு என்றால் எல்லா வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கதவுகள் திறக்கவே திறக்காது.