ஒத்திகை அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: ரசாயன ஆலைகள் இருக்கும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊரில் சிறிய பள்ளி நடத்துகிறேன். 160 பிள்ளைகள். போன வாரம் அவசரகால ஒத்திகை நடத்தினோம். மணி அடித்ததிலிருந்து எல்லாரும் மைதானத்துக்கு வந்து சேர 11 நிமிடம் ஆகிவிட்டது. இப்போது மதிப்பாய்வு அறிக்கையும் மேம்பாட்டுத் திட்டமும் வேண்டும் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். 18,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழோடு முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இப்படிப்பட்டவர் தயாரித்த கோப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் பள்ளி அது. அறிக்கையிலோ, மூன்றாம் மாடி மாணவர்கள் நான்கே நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டார்கள்! கடைசிப் பக்கத்தில் வேறு ஊர்ப் பள்ளியின் பெயரைக்கூட அழிக்கவில்லை. முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. கேட்பவர்களும் பக்கத்தை எண்ணி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. உங்கள் ஆளிடம் ஜி.எஸ்.டி. ரசீது கேட்டுப் பாருங்கள், அப்புறம் போன் எடுக்கமாட்டார்.

அறிக்கையை நீங்களே எழுதலாம். 11 நிமிடத்தை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். அது எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் மதிப்பாய்வு. ஆசிரியர்கள், ஆயா, சமையல் செய்பவர், வேன் டிரைவர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். 'மணி அடித்தபோது எங்கே இருந்தீர்கள், முதலில் என்ன செய்தீர்கள்?' இந்த ஒரு கேள்வி போதும்.

ஒரு பள்ளியில் இப்படிக் கேட்டபோது சமையல்காரம்மா, "மணியே கேக்கலை சார், கிரைண்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றார். அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பின்கேட் சாவி அலுவலக மேசையில். மேசைச் சாவி அன்று லீவில் இருந்த கிளார்க்கிடம். ஒரு வகுப்பில் 43 பேர் இருக்க வேண்டும், மைதானத்தில் 41. இரண்டு குழந்தைகளை மதியமே பாட்டி வந்து அழைத்துப் போனது பதிவேட்டில் இல்லை. நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் அந்த இருவரைத் தேடி ஒருவர் உள்ளே ஓடியிருப்பார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளை இழந்த பிறகும் நம் பள்ளிகளில் எண்ணிக்கை இப்படித்தான் இருக்கிறது.

இவற்றை நடந்தபடியே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய வேண்டிய வேலை, செய்பவர் பெயர், முடிக்கும் தேதி. சமையலறைக்குத் தனி மணி, சாவிக்கு நகல், இடையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்குக் கையெழுத்து என்று நாலைந்து போதும். 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்' என்று எழுதினால் ஒருவரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று பொருள். ஒரு மாதம் கழித்து, திருத்திய பகுதிக்கு மட்டும், ஆசிரியர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல், மறுபடி ஒத்திகை நடத்திப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தீ என்றால் மைதானம் சரி. வாயுக்கசிவு என்றால் அந்த மைதானமே ஆபத்து. உங்கள் ஊரில் இதைத் தனியாகப் பயிற்சி செய்தே ஆக வேண்டும். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். கதவு, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். கசிந்தது குளோரின் என்றால், அது காற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு படரும். மாடி இருந்தால் மாடிக்கு ஏற்றுங்கள். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் காற்றடிக்கும் திசையோடு ஓடக் கூடாது. அதற்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும். கடலூரில் காலைக் காற்று ஒரு பக்கம், மதியத்துக்கு மேல் கடல்காற்று வேறு பக்கம். அதனால் 'இந்த வழியாகப் போ' என்று ஒரே அம்புக்குறி வரைந்து ஒட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. கொடிக்கம்பத்தில் ஒரு துணியைக் கட்டி, அது பறக்கும் பக்கத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

அபாயகர ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி, அவற்றைப் பெரிய அளவில் கையாளும் ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே ஒத்திகை நடத்த வேண்டும். விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு, ஆபத்து என்ன, என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிவிக்கவும் வேண்டும். நடப்பது என்ன? சுவருக்குள் சங்கு ஊதினால் அது சாப்பாட்டு நேரமா, ஆபத்தா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே பக்கத்து ஆலைக்குப் பள்ளியின் பெயரில் கடிதம் எழுதுங்கள்: உங்களிடம் இருக்கும் வாயு எது, அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும், எங்களுக்குப் போன் செய்யப் போவது யார்? நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், கடிதம் அனுப்பிய தபால் ரசீதையே உங்கள் அறிக்கையின் முதல் பக்கமாக வைத்துக் கொடுங்கள்.