அரசு வழக்கறிஞர் மைக் முன்னால் நின்றால்: கேள்வி பதில்

நியூயார்க் மாநில சட்டமன்றத்தில் 1994 முதல் சபாநாயகராக இருந்த ஷெல்டன் சில்வர், 2015 ஜனவரி 22 அன்று ஊழல் வழக்கில் கைதானார். அன்றே மத்திய அரசு வழக்கறிஞர் பிரீத் பராரா செய்தியாளர்களைக் கூட்டிப் பேசினார். அந்தப் பேச்சைக் காரணம் காட்டி, வழக்கையே தள்ளுபடி செய்யக் கேட்டார் சில்வர். அது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவரைக் கைது செய்தால் மக்களுக்குச் சொல்ல வேண்டாமா ஐயா?

தாராளமாகச் சொல்லலாம். யார், என்ன குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் பொது ஆவணத்தில் இருப்பவைதான். "இவர் குற்றவாளி" என்ற தன் சொந்தக் கருத்தை வழக்கறிஞர் சொல்லும்போதுதான் சிக்கல் வருகிறது.

பராரா அப்படி என்ன சொல்லிவிட்டார்?

மாநிலத் தலைநகர் ஆல்பனியில் 'காசைக் காட்டு' என்ற கலாசாரம் உச்சியிலிருந்தே வளர்க்கப்படுகிறது என்றார். அடுத்து என்ன வருகிறது என்று காத்திருங்கள் என்றும் சொன்னார். மறுநாள் ஒரு சட்டக் கல்லூரி மேடையிலும் இதே ஊழல் பேச்சுதான். இதில் தேதியைக் கவனியுங்கள். கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழு சில்வர் மீது முறைப்படி குற்றம் சாட்டியது பிப்ரவரி 19 அன்று. அதாவது, வழக்கு நடக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் முடிவு சொல்வதற்கு நான்கு வாரம் முன்பே அரசுத் தரப்பு ஊருக்குத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. சில்வரின் வாதமும் அதுதான்.

நீதிபதி ஏற்றுக்கொண்டாரா?

இல்லை. ஏப்ரலில் நீதிபதி வலரி கப்ரோனி மனுவை நிராகரித்தார். ஆனால் பராராவை விடவில்லை. அரசியல்வாதிகள் நெறி மீறுகிறார்கள் என்று சாடிய இவரே, தனக்கான விதிகளின் விளிம்பு வரை போய்விட்டார் என்று எழுதினார். சில்வரின் வாதம் வெற்று வாதம் அல்ல என்றும் சொன்னார்.

மாட்டிக்கொண்ட அரசியல்வாதி போடும் நாடகம்தானே இது?

சில்வர் 2015 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானார். 2017இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2018இல் மறுவிசாரணை நடந்து, மறுபடியும் குற்றவாளி. சரி, அதனால் அவர் எழுப்பிய ஆட்சேபம் தவறாகிவிடுமா? என் மனதில் ஆகவே ஆகாது. விசாரணையில் தீர்ப்பு சொல்லும் ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, "இந்த வழக்கைப் பற்றி ஏதாவது படித்தீர்களா?" என்று கேட்பார்கள். "ஏதோ படித்தேன், சரியாக நினைவில்லை" என்பார் ஒருவர். அந்த 'ஏதோ' என்ன என்பதை யாராலும் தோண்டி எடுக்க முடியாது. குற்றமே செய்யாதவர் மாட்டினாலும் இதே கதைதான். வட கரோலினாவில் 2006இல் கல்லூரி விளையாட்டு வீரர்கள் மூவர் மீது பாலியல் வன்முறை வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங், பேட்டி மேல் பேட்டி கொடுத்தார். மறு ஆண்டு அந்த மூவரும் நிரபராதிகள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அறிவித்தார். நைஃபாங் வழக்கறிஞர் உரிமத்தையே இழந்தார். டி.என்.ஏ. முடிவுகளை மறைத்ததோடு, அந்தப் பேட்டிகளும் அதற்குக் காரணம்.

சாட்சிகள் பேசலாமா?

மத்திய நீதிமன்றங்களில் கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொன்னவர் வெளியே வந்து தன் சாட்சியத்தைப் பற்றிப் பேசலாம். அரசு வழக்கறிஞர், கிராண்ட் ஜூரி உறுப்பினர் போன்றோருக்குத்தான் தடை.

பெயர் சொல்லாமல் 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்று கசியவிட்டால்?

அதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். மேடையில் பேசியவரையாவது கப்ரோனி போல ஒரு நீதிபதி பெயர் சொல்லிக் கண்டிக்கலாம். கிராண்ட் ஜூரி ரகசியத்தைத் தெரிந்தே வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பாகத் தண்டிக்க விதி இருக்கிறது. ஆனால் கசியவிட்டவர் யார் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்த நிருபரோ வாயைத் திறக்க மாட்டார்.