அறுபதைத் தாண்டி பேஸ் கிட்டார்

கேள்வி: ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு வயது 61. பேஸ் கிட்டார் கற்க விரும்புகிறேன். இடக்கை விரல்கள் சற்று விறைப்பாக உள்ளன; வீடோ அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஒண்டுக்குடித்தனம். முதலில் எவற்றை வாங்கலாம்?
- வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: தங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. நான்கு தந்திகள் கொண்ட கருவியே போதும். ஐந்து தந்திக் கருவியை இப்போது நாட வேண்டாம். கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' கிட்டார் முதல் 34 அங்குலத் தந்தி நீளமே வழக்கமாக இருந்துவருகிறது. ஆயினும் அதில் தலைப்பக்கக் கட்டைகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின்) இடைவெளி அகலமாக இருப்பதால் விரல்களை நன்றாக விரிக்க நேரிடும். 30 அங்குல 'ஷார்ட் ஸ்கேல்' கருவியில் அந்த இடைவெளி குறைவதோடு, அதே சுருதியில் தந்தியின் இழுவிசையும் குறைவதால், தங்களுக்கு நான் அதையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

அண்ணா சாலைக் கடைகளுக்கு நேரில் சென்று, அகலமான தோள்வாருடன் கால் மணி நேரமாவது நின்று வாசித்துப் பாருங்கள். எடையைத் தோள்தான் சொல்லும். கட்டைகளுக்கு மேல் தந்திகள் நிற்கும் உயரத்தைத் தாழ்த்திச் சீரமைத்துத் தரும்படி கேளுங்கள். இதற்கென ஒரு தொகையை ஒதுக்குவது, விலை கூடிய கருவியை வாங்குவதைவிடப் பயன் தரும்.

மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அந்த ஒலி சுவரை எளிதில் கடக்கும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் இப்போது வேண்டாம். கருவியில் நேரடியாகச் செருகும் சிறு ஹெட்ஃபோன் ஆம்ப், ஒரு ஹெட்ஃபோன், சுருதி சேர்க்க ஒரு டியூனர் ஆகியவை போதும். பின்னாளில் வாங்கும்போதும் பேஸுக்கென்றே செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயரையே வாங்குங்கள். சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கெடக்கூடும்.