சிறிய உளவியல் ஆலோசனை மையம் காலப்போக்கில் எப்படி மாறும்? இன்னொரு ஆலோசகரைச் சேர்க்கலாமா?

தனியாக மையம் நடத்துவதாகவும், காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒற்றை அறையில் தனியாகத்தான் தொடங்கினேன். பதினோரு வருடம் ஆகிறது, இப்போது நான்கு ஆலோசகர்கள் இருக்கிறோம்.

முதல் வருடம் ஆள் வருவார்களா என்பதுதான் கவலை. அதனால் வந்த யாரையும் அனுப்பிவிட மனம் வரவில்லை. தம்பதியர் சண்டை, குடிப்பழக்கம், பிள்ளைகளின் பிடிவாதம், எதுவானாலும் சரி என்றேன். அது தவறு. சாப்பிடாமல் தன்னை வருத்திக்கொண்ட ஒரு பெண்ணை நான்கு மாதம் நானே பார்த்தேன். எடையையும் இதயத் துடிப்பையும் ஒரு மருத்துவர் கூடவே கவனித்திருக்க வேண்டிய நிலை அது. உரிய இடத்துக்கு அவரை அனுப்பியபோது தோற்றுப்போனது போல இருந்தது. அப்புறம்தான் மனநல மருத்துவர், குடிநோய் மீட்பு மையம், குழந்தைகளுக்கான சிகிச்சையாளர் என்று நம்பி அனுப்பக்கூடியவர்களை ஒவ்வொருவராக நேரில் போய்ப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அவர்களும் எங்களிடம் ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். மையம் காலூன்றியது அப்போதுதான்.

மூன்றாம் வருடம் ஒரு நாளைக்கு எட்டு செஷன். ஒவ்வொன்றும் 50 நிமிடம், குறிப்பு எழுத இடையில் 10 நிமிடம். ஒரு நாள் ஏழாவதாக வந்த அம்மா தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டு ஏதோ கேட்கும்போது மகளின் பெயரைச் சொன்னேன். அது காலையில் வந்த வேறொருவருடைய மகளின் பெயர். அவர் ஒரு நொடி நிறுத்தி, சரியான பெயரைச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. ஆனால் அன்று மகளைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை, கைப்பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். அடுத்த வாரம் நானே அந்தப் பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்த மாதத்தோடு ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று நிறுத்திக்கொண்டேன். வருமானம் குறைந்தது, பட்டியல் நீண்டது. இரண்டாவது ஆலோசகர் வந்தது இப்படித்தான்.

அவர் நல்ல திறமைசாலி. இருந்தும் பழையவர்கள் எல்லோரும் 'நீங்களே பாருங்கள்' என்றார்கள். அது இயல்புதான். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பந்தம். முதல் இரண்டையும் குறிப்பேட்டிலிருந்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம், மூன்றாவதைக் கொடுக்க முடியாது. அதனால் நடுவழியில் இருப்பவர்களை மாற்றாதீர்கள், புதியவர்களை மட்டும் புது ஆலோசகரிடம் அனுப்புங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூவரும் ஒரு செஷன் சேர்ந்து உட்காருங்கள். தன்னைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை ஆலோசனைக்கு வந்தவரே முடிவு செய்யட்டும்.

இரண்டு பேர் ஆனதும் சின்னச் சின்ன விஷயங்கள் பெரிதாகும். வெளியே காத்திருப்பவருக்கு உள்ளே அழுவது கேட்கிறதா? தெரிந்தவர்கள் இருவர் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார நேருமா? நாங்கள் இரண்டு அறைக்கும் தொடங்கும் நேரத்தை அரை மணி தள்ளி வைத்தோம். எனக்கு மட்டுமே புரிந்த கிறுக்கல் குறிப்புகளை ஒழுங்காக எழுதத் தொடங்கினேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியத்தை எந்த இடத்தில், யாரிடம் உடைப்போம் என்பதையும் எழுதி வைத்தோம், வருபவரிடம் முதல் நாளே சொன்னோம்.

2020-இல் எல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்தன: இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா. ஆபத்து என்றால் உதவி அனுப்ப இடம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மையத்தில் இன்றைக்கும் ஒவ்வொரு ஆன்லைன் செஷனும் இதில்தான் தொடங்குகிறது.

என் வேலையும் மாறிவிட்டது. வாரத்தில் பாதி நேரம் மற்ற ஆலோசகர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கடினமான செஷன்களைப் பேசுவதில் போகிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசும் நேரம் குறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. சேர்க்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் இந்த வாரமே பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நீங்களே போனில் அழையுங்கள். நான் அழைத்தபோது பலர் ஏற்கெனவே வேறு இடம் பார்த்திருந்தார்கள். ஒருவர் மட்டும் தூங்கி ஒன்பது நாள் ஆகிறது என்றார். பட்டியலில் அவர் பெயர் கடைசியிலிருந்து இரண்டாவது. மறுநாள் காலையே அவரை வரச் சொன்னேன்.